சாய்மானம் இல்லாத இருக்கை: மதுரை வீடுகளில் மணையும் முக்காலியும் ஸ்டூலும்

முதுகு சாய்க்கவும் கை ஊன்றவும் இடமின்றி, ஒரு பலகையும் அதைத் தாங்கும் சில கால்களும் மட்டுமே கொண்ட இருக்கையை, அதன் உயரத்துக்கும் பொருளுக்கும் காலத்துக்கும் தக்கபடி மணை, முக்காலி, மோடா, ஸ்டூல் என்று தமிழர் பல பெயரிட்டு அழைத்துவந்துள்ளனர். ஒட்டடை அடிக்கவும், பரணில் ஏறவும், மின்விசிறியைத் துடைக்கவும், விருந்தாளி ஒருவர் கூடுதலாக வந்துவிட்டால் இழுத்துப்போட்டு உட்காரவும் பயன்பட்டு, வேலை முடிந்ததும் மூலைக்குத் திரும்பிவிடும் இந்த எளிய சாமான், இப்போது மதுரையின் அடுக்ககங்களிலும் புதுப்பிக்கப்படும் பழைய வீடுகளிலும் அலங்காரப் பொருளாக முன்கூடத்துக்கு வந்திருக்கிறது. காரைக்குடியில் வாங்கிய தேக்கு முக்காலியும் இரும்புக் கால் வைத்த புதுப் பாணி ஸ்டூலும் ஒரே கூடத்தில் அருகருகே நிற்கும்போது, அவை எதனால் ஒத்துப்போகின்றன, எதனால் ஒட்டாமல் போகின்றன என்ற கேள்வி எழுகிறது. இதற்கான விடையை நிறப் பொருத்தத்தில் தேடுவதைவிட இவ்விருக்கைகளின் வரலாற்றிலும் கட்டுமானத்திலும் தேடுவதே தகும். ஏனெனில் எந்தக் காலத்து ஸ்டூலாயினும் அது ஏதேனும் ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டதே, அந்த வேலையை அறிந்து இடம் கொடுக்கும் வீட்டில்தான் அது அழகு பெறுகிறது.

பெயர்கள் சொல்லும் வரலாறு

இவ்விருக்கைகளுள் மிகத் தாழ்ந்தது மணை. ஒற்றைப் பலகையின் அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகளை வைத்து, தரையிலிருந்து சில அங்குல உயரமே இருக்குமாறு செய்யப்படும் இது, பூசையிலும் வளைகாப்பிலும் திருமணத்திலும் கோலமிட்டுப் போடப்படும் மங்கலப் பொருளாக இன்றும் நீடிக்கிறது. ஆமையின் வடிவில் செதுக்கப்பட்டு, வழிபாட்டின்போது அமரப் பயன்பட்ட ஆமைப் பலகையும் இதன் ஒரு வகையே. அரிவாள்மணை, துருவுமணை என்னும் அடுப்படிக் கருவிகளின் பெயர்களுக்குள்ளும் இச்சொல் நிற்கிறது. வெட்டும் அல்லது துருவும் இரும்பைப் பலகையில் பொருத்தி, அப்பலகையின் மேல் உட்கார்ந்தோ காலால் மிதித்தோ உடலின் எடையைக் கொண்டே கருவியை அசையாமல் பிடிக்கும் இவ்வமைப்பில், இருக்கையும் கருவியும் ஒன்றாகிவிடுகின்றன.

மணையிலிருந்து மேலே எழும்பும் இருக்கைகளைத் தமிழ் கால்களின் எண்ணிக்கையால் பெயரிட்டது. மூன்று கால் உடையது முக்காலி, நான்கு கால் உடையது நாற்காலி என்பதே சொற்பொருள். எனினும் நாற்காலி என்பது சாய்மானம் உடையதற்கும், முக்காலி என்பது, கால்கள் நான்கேயாயினும், சாய்மானம் அற்றதற்கும் உரியனவாகப் பின்னர் வழக்கில் நிலைத்துவிட்டன. கூடத்தில் சோபாவின் முன் போடப்படும் டீப்பாய் என்பது தேநீரோடு தொடர்புடைய ஆங்கிலச் சொல் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது மூன்று கால் எனப் பொருள்படும் 'திபாய்' என்ற இந்துஸ்தானிச் சொல், தேநீரைக் குறிக்கும் ஒலியோடு ஒத்திருந்ததால் ஆங்கிலேயர் வாயில் திரிந்து மீண்டும் நம்மிடம் வந்ததாகும், ஆகவே டீப்பாயும் பெயரளவில் ஒரு முக்காலியே. பிரம்பாலோ நாணலாலோ உடுக்கை வடிவில் பின்னப்படும் மோடா வட இந்தியாவிலிருந்து பெயரோடு வந்தது. ஈழத்தமிழர் நாற்காலியைக் கதிரை என்பது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். இவற்றையெல்லாம் தாண்டி அன்றாடப் பேச்சில் வென்றது ஆங்கில வரவான ஸ்டூல் என்ற சொல்லேயாகும்.

இருக்கையைப் பற்றிய பழைய நினைவுகள் மதுரைக்குச் சற்று மிகுதி. கட்டில் என்பது இன்று படுக்கையைக் குறித்தாலும் பழந்தமிழில் அரியணையையும் குறித்தது. அரசு கட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன் என்ற பெயரில், மதுரையை ஆண்ட மன்னன் அரியணையிலேயே உயிர்விட்ட செய்தி உறைந்திருக்கிறது. தமிழ் மரபில் மிகவும் புகழ்பெற்ற இருக்கையோ அரியணை அன்று, ஒரு பலகை. சிவபெருமான் சங்கப் புலவர்களுக்கு அளித்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறும் சங்கப் பலகை, தகுதியுடைய புலவர் வந்து அமரும்போதெல்லாம் தானே நீண்டு இடம் தந்தது என்பது ஐதிகம். இருக்கைக்குச் சாய்மானமோ வேலைப்பாடோ பெருமை சேர்ப்பதில்லை, வந்தவருக்கு இடம் தருவதே பெருமை என்னும் எண்ணம் இக்கதையின் உள்ளீடாக நிற்கிறது.

உயரம் என்னும் மரியாதை

மயமதம் என்னும் சிற்ப நூல் கட்டில்களுக்கும் இருக்கைகளுக்கும் தனி இடம் ஒதுக்கி அளவுகள் வகுத்திருப்பது, உட்காரும் உயரம் முற்காலத்தில் வசதியை மட்டும் சார்ந்த செய்தியாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. தரையில் பாய் விரித்து அமர்வதே பொது வழக்காக இருந்த சமூகத்தில், தரையைவிட்டு எழும்பிய ஒவ்வொரு அங்குலமும் ஒரு மதிப்பாயிற்று. ஆங்கிலேயர் காலத்துக் கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், அதிகாரிக்கு நாற்காலியும், அவர் அறை வாசலில் அழைப்புக்குக் காத்திருந்த டவாலிக்கு ஸ்டூலும் எனப் பங்கிடப்பட்டபோது, சாய்மானம் இருப்பதும் இல்லாததுமே பதவியின் அளவுகோலாகிவிட்டன. அரசு அலுவலக வாசல்களில் அந்த ஸ்டூலை இன்றும் காணலாம்.

இந்த அளவுகோல் பழங்கதையாகிவிடவில்லை என்பதற்கு, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் அமர்த்தப்பட்ட செய்தி 2020-ஆம் ஆண்டில் வெளிவந்து மாநிலத்தையே தலைகுனிய வைத்தது சான்றாகும். நாற்காலிச் சண்டை என்றாலே பதவிச் சண்டை என்று பொருள்கொள்ளும் நாட்டில் முக்காலிக்காக யார் சண்டையிடுவார் என்று கேட்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்கள் சண்டையிட்டனர். தம் இனத்தின் உயிரே உறைவதாக அவர்கள் போற்றிய, அரசனும் உட்காராத பொன் ஸ்டூலைத் தமக்கு ஆசனமாகத் தர வேண்டும் என்று பிரித்தானிய ஆளுநர் 1900-ஆம் ஆண்டு கேட்டதே, யா அசந்தேவா என்ற அரசமாதாவின் தலைமையில் போர் மூளக் காரணமாயிற்று. போரில் பிரித்தானியர் வென்றும் அந்த ஸ்டூல் அவர்கள் கைக்குக் கிட்டவில்லை. ஒரு வீட்டில் யாருக்கு எந்த இருக்கை போடப்படுகிறது என்பதை வந்தவர்கள் கவனிக்கவே செய்கிறார்கள் என்பதற்கு இவ்விரு செய்திகளும் போதுமானவை. வீட்டுவேலைக்கு வருபவருக்கு மட்டும் தனி ஸ்டூல் என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் எத்துணை அழகிய கூடத்தையும் அழகற்றதாக்கிவிடும்.

மூன்று காலின் கணக்கு

சாணம் மெழுகிய தரையும் கல் பாவிய முற்றமும் சமதளமாக இருந்ததில்லை. எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும் என்பது வடிவியலின் அடிப்படை விதி. ஆதலால் மூன்று கால் இருக்கை எத்தகைய மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும், நான்கு கால் உடையதோ ஒரு கால் சற்றே குட்டையானாலும் ஆடத் தொடங்கும். இதற்கு ஈடாக முக்காலிக்கு ஒரு குறை உண்டு: அது ஆடாது, ஆனால் கவிழும். கால்கள் தரையில் அமைக்கும் முக்கோணத்துக்கு வெளியே எடை சாய்ந்தால் அது எளிதில் புரண்டுவிடுமாதலால், உட்காருவதற்கு ஏற்ற முக்காலியை ஏறி நிற்பதற்குப் பயன்படுத்தலாகாது. கால்களை நேராக நிறுத்தாமல் வெளிப்புறமாகச் சற்றுச் சாய்த்து வைப்பது இக்கவிழ்ச்சியைக் குறைக்கத் தச்சர்கள் கண்ட வழியாகும்.

பழைய முக்காலியைத் தலைகீழாகப் பார்த்தால் அதன் கட்டுமானம் விளங்கும். காலின் மேல்முனையைச் சன்னமாகச் செதுக்கி, பலகையில் குடைந்த துளையில் இறக்கி, மேலிருந்து மர ஆப்பு அடித்து இறுக்குவதே ஆசாரிகளின் பழைய முறை. ஆணியோ திருகாணியோ இதற்குத் தேவைப்படவில்லை. மதுரைச் சமவெளியின் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டும்போது மரம் சுருங்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் குடித்து உப்பும். மரத்துக்குள் மரமே இறங்கியிருக்கும் மூட்டு இந்த ஏற்ற இறக்கத்தோடு தானும் அசைந்துகொடுப்பதால், இரும்பு ஆணி அடித்த மூட்டைவிட நீண்ட காலம் உழைக்கிறது. இரண்டு கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் அசைவைத் தடுப்பதோடு உட்கார்ந்தவர் கால் வைக்கவும் உதவியது. கடைசல் என்பது மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டி வடிவமைக்கும் வேலை; வளையமும் குமிழும் தெரியும் கடைசல் கால், தொட்டில், ஊஞ்சல், கட்டில் ஆகியவற்றில் உள்ளது போலவே பழைய ஸ்டூலிலும் தச்சர் தம் கைவண்ணத்தைக் காட்டிய இடமாகும்.

பழையது வரும் வழி

மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெரு, பழம்பொருள் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. பர்மாவில் வட்டித் தொழிலும் வணிகமும் செய்து பொருளீட்டிய செட்டிநாட்டு வணிகரான நகரத்தார், அந்நாட்டுத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தம் அரண்மனை போன்ற வீடுகளுக்குத் தூணும் கதவும் சாமான்களும் செய்தனர். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், விடுதலைக்குப் பின் அந்நாட்டு அரசு சொத்துகளை நாட்டுடைமையாக்கியதும் அவ்வருவாயை நிறுத்திவிட, பராமரிக்க முடியாமலும் பங்குதாரர் பெருகியும் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண், நிலை, உத்தரம் ஆகியவற்றோடு மணையும் முக்காலியும் கடைத்தெருவுக்கு வந்தன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபிடத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன என்ற செய்தியோடு சேர்த்துப் பார்க்கும்போது, அங்கு வாங்கும் ஒவ்வொரு முக்காலியும் ஒரு வீடு கலைந்ததன் எச்சம் என்பதை மறக்க இயலாது.

பழமையைச் சோதிக்கச் சில எளிய வழிகள் உண்டு. உண்மையிலேயே பழகிய ஸ்டூலில் தேய்மானம் சீராக இராது. குறுக்குச் சட்டத்தில் பாதம் உரசிய இடமும், பலகையில் தொடை அமர்ந்த ஓரமும் மழுங்கியிருக்க, உட்புறம் செதுக்கிய தடம் மாறாமல் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தேய்ந்தும் கறுத்தும் காணப்படுவது புதிய மரத்தைப் பழையதாக்கிய வேலையாக இருக்கக்கூடும். வைரம் பாய்ந்த, அதாவது நடுப்பகுதி முற்றி இறுகிய, மரம் கையில் எடுக்கும்போதே கனக்கும். சிறு துளைகளிலிருந்து புதிய தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருப்பதாகப் பொருள். அதற்குரிய மருந்திட்டு ஒழிக்காமல் அச்சாமானைப் பிற மரச்சாமான்கள் உள்ள கூடத்துக்குள் கொண்டுவரலாகாது.

வாங்கியபின் பலரும் செய்யும் பிழை, உப்புத்தாள் கொண்டு தேய்த்து மரத்தைப் புதிதாக்கிவிடுவது. பல ஆண்டுகள் கையும் காற்றும் எண்ணெயும் ஏற்றிய மெருகை ஒரு பிற்பகலில் உரித்தெடுத்தபின் எஞ்சுவது வெறும் பழைய மரமே. ஈரத்துணியால் அழுக்கை எடுத்து உலரவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைப்பதே பெரும்பாலான சாமான்களுக்குப் போதும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பாலிஷ் அழகிய பளபளப்பைத் தருமாயினும், அதன்மேல் சூடான காப்பித் தம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அத்தகைய ஸ்டூலின்மேல் ஒரு சிறு பாய்த்துண்டு இருப்பது நலம். பழம்பொருள் வாங்குவோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய கலைவேலைப்பாட்டுப் பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லத் தனியாருக்கு உரிமை இல்லை, கோயிலிலிருந்து பெயர்த்தெடுத்தவை போலத் தோன்றும் பீடங்களையும் வாகனப் பலகைகளையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பதே முறை.

புதியது என்பதற்கும் வயது உண்டு

நவீன ஸ்டூல் என்று கடைகளில் காட்டப்படும் வடிவங்கள் பலவும் பல பத்தாண்டுகள் பழமையானவை. பின்லாந்தின் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1933-இல் உருவாக்கிய 'ஸ்டூல் 60', வட்டப் பலகையும் மூன்று வளைந்த கால்களும் கொண்டது. பிர்ச் மரக்கட்டையின் ஒரு முனையில் நீளவாக்கில் பல கீறல்கள் போட்டு, அவற்றில் மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டுச் செருகி வளைத்ததன்மூலம், காலும் பலகையும் சேரும் மூட்டின் சிக்கலையே அவர் நீக்கிவிட்டார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழல்வடிவில் அடுக்கக்கூடிய அதன் நகல்களே இன்று உலகெங்கும் விற்பனையாகின்றன. ஜப்பானின் சோரி யானகி 1954-இல் வடிவமைத்த வண்ணத்துப்பூச்சி ஸ்டூலோ, ஒரே மாதிரி வளைத்த இரு பிளைவுட் துண்டுகளை ஓர் உலோகத் தண்டால் இணைத்ததேயாகும். பிளைவுட் என்பது மரத்தின் மெல்லிய ஏடுகளை அவற்றின் இழை ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுமாறு ஒட்டிச் செய்யும் பலகை.

நம் நாட்டிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. சண்டிகர் நகரம் எழுந்தபோது, அதைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் உறவினரும் உடன் உழைத்தவருமான பியர் ஜான்னரே, அங்குள்ள அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்காலும் பிரம்பாலும் எளிய நாற்காலிகளையும் ஸ்டூல்களையும் வடிவமைத்தார். பின்னாளில் அவை பழையன என்று கழித்துக்கட்டப்பட்டுக் குறைந்த விலைக்கு ஏலம் போயின. வாங்கிச் சென்ற வணிகர்கள் ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் அவற்றைப் பெருவிலைக்கு விற்றபோதுதான் இழப்பு தெரியவந்தது. 2011-ஆம் ஆண்டு மைய அரசு அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது. பள்ளி ஆய்வகத்திலும் பழைய அச்சகத்திலும் தையற்கடையிலும் உடைசலாகக் குவிந்து கிடக்கும் உயர ஸ்டூல்களைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுமுன் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

பிளாஸ்டிக் ஸ்டூலையும் இவ்வரிசையில் ஒதுக்கிவிட முடியாது. அது இலேசானது, கழுவத் தக்கது, பத்தை அடுக்கினால் ஒன்றின் இடத்தையே பிடிப்பது. ரொட்டிக் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் அதற்கு மாற்று இல்லை. ஆயினும் மொட்டை மாடி வெயிலில் சில கோடைகள் கிடந்தால் நிறம் வெளுத்து நொறுங்கும் தன்மையை அடைவதால், அதன் இடம் நிழலுக்குள்ளேயே.

வீட்டில் எங்கே, எவ்வாறு

மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய பழைய வீடுகள் அகலம் குறைந்து ஆழம் மிகுந்தவை. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, ரேழி, முற்றம், கூடம், அடுப்படி என ஒன்றன்பின் ஒன்றாக நீளும் இவற்றில் பெரிய சோபா வழியை அடைத்துவிடும். ரேழி என்பது வாசலுக்கும் முற்றத்துக்கும் இடைப்பட்ட நடை. அங்கே செருப்பு அணிய உதவும் ஒரு தாழ்ந்த மர ஸ்டூலும், முற்றத்தில் நகர்த்தத் தக்க இரண்டு மோடாக்களும் போதும். அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற பகுதிகளின் அடுக்ககங்களிலும் சிக்கல் அதுவேயாதலால் தீர்வும் அதுவே: ஒரே சாமான் காலையில் செய்தித்தாள் மேசையாகவும், மாலையில் விருந்தாளியின் இருக்கையாகவும், இரவில் கட்டிலருகே தண்ணீர்ச் சொம்பும் புத்தகமும் தாங்கும் பலகையாகவும் மாறலாம். நவராத்திரியில் வீட்டிலுள்ள ஸ்டூல்களையும் மணைகளையும் அடுக்கி வெள்ளை வேட்டி விரித்துக் கொலுப்படி கட்டிய குடும்பங்கள் இந்தப் பன்முகப் பயனை நெடுங்காலமாக அறிந்திருந்தன.

அளவில் கவனம் தேவை. அடுப்படி மேடையருகே போடும் உயர ஸ்டூலின் மேற்பரப்புக்கும் மேடைக்கும் இடையே 10 முதல் 12 அங்குல இடைவெளி இருந்தால்தான் தொடை இடிக்காமலும் தோள் தூக்காமலும் அமர முடியும். ஆகவே 34 அங்குல மேடைக்கு 22 முதல் 24 அங்குல ஸ்டூலே பொருந்தும். அதில் கால் வைக்கச் சட்டம் இல்லாவிடில் சிறிது நேரத்தில் முழங்கால் கடுக்கும். உணவு மேசைக்கு 17 அல்லது 18 அங்குலம் போதும். சாய்மானம் இல்லாத எந்த இருக்கையும் நெடுநேரம் அமர்வதற்கு உரியது அன்று; முதியவர்களுக்குக் கைப்பிடியுள்ள நாற்காலியே பாதுகாப்பு.

பழையதும் புதியதும் சேர்ந்து நிற்க, அவற்றிடையே ஏதேனும் ஒன்று பொதுவாக இருக்க வேண்டும். மரத்தின் நிறமோ, உயரமோ, மேலே விரித்த துணியோ அந்தப் பொதுமையைத் தரலாம். கறுத்த தேக்கு மணையும் இரும்புக்கால் ஸ்டூலும் முரண்பட்டு நின்றால், இரண்டின்மீதும் மதுரைச் சுங்குடித் துணியில் தைத்த திண்டுகளை இட்டு இணைக்கலாம். நூலால் முடிச்சிட்டுச் சாயமேற்றுவதால் புள்ளிகள் உண்டாகும் இத்துணி, சௌராஷ்டிர சமூகத்தார் மதுரையில் வளர்த்த கைத்தொழிலாகும். பலகை உடைந்து கால் மட்டும் நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்டூலுக்கு, வண்ணச் சிமெண்டுக் கலவை ஊற்றிக் கையால் வார்க்கும் ஆத்தங்குடிக் கல் ஒன்றை மேற்பரப்பாகப் பதித்தால் அது பூத்தொட்டி வைக்க ஏற்ற நிலைப்பீடமாகும். ரெக்சின் போர்த்திய மெத்தை ஸ்டூல் மதுரை வெயிலில் வியர்வையைத் தேக்கும். பிரம்புப் பின்னலும் கோரைப் பாயும் காற்றை உள்ளே விடுகின்றன. தளர்ந்த பிரம்புப் பின்னலைத் தூக்கியெறியாமல் மறுபின்னல் போட்டுக்கொள்ளலாம். பார்வையற்றோருக்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டுவரும் இக்கைத்தொழிலுக்கு அதனால் வேலையும் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணிக்கையில் அளவு தேவை: ஒரு கூடத்தில் மூன்று ஸ்டூல்கள் அழகு, ஏழு ஸ்டூல்கள் கடை.

வாங்கும் ஒவ்வொரு ஸ்டூலையும் பற்றி, இது நாளை காலை என்ன வேலை செய்யும் என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். விடை கிடைக்காவிடில், அது தேக்கானாலும் பின்லாந்தின் வடிவமானாலும், சில மாதங்களில் துணி குவியும் மூலையாகிவிடும். கடைக்குப் புறப்படுமுன் வீட்டின் பரணைப் பார்ப்பதும் நன்று. ஒரு கால் ஆடுகிறது என்பதற்காகப் பாட்டி காலத்தில் மேலே ஏற்றிவைத்த முக்காலி ஒன்று அங்கே இருக்கக்கூடும், அதைச் சரிசெய்ய ஓர் ஆசாரிக்கு ஓர் ஆப்பும் அரை மணி நேரமும் போதும்.